கேள்வி நேரம்: கடவுள் இல்லாமல் அறம் நிற்குமா?

"கடவுள் பயம் இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் செய்யலாமே!" என்று சொல்லி மாமா ஒவ்வொரு முறையும் என் வாயை அடைத்துவிடுகிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
(வாசகர், திண்டுக்கல்)

உங்கள் மாமா ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்கிறார். எது சரி, எது தப்பு என்று தீர்மானிப்பது எது என்பது ஒன்று. சரியென்று தெரிந்ததை மனிதன் ஏன் செய்ய வேண்டும் என்பது இன்னொன்று. முதல் வேலையாக இந்த இரண்டையும் பிரித்துவிடுங்கள். பிரிக்காமல் பேசினால், நீங்கள் ஒன்றுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர் மற்றதற்குத் தாவியிருப்பார்.

முதல் கேள்வியைப் பிளேட்டோவின் 'யூதிஃப்ரோ' உரையாடலில் சாக்ரடீஸ் திருப்பிக் கேட்கிறார். தெய்வங்கள் விரும்புவதால் ஒன்று நல்லதாகிறதா, நல்லதாக இருப்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா? முந்தையது என்றால், தெய்வம் விரும்பினால் கொலையும் நல்லதாகிவிடும். பிந்தையது என்றால், தெய்வத்தின் விருப்பத்துக்கு முன்பே நன்மை இருக்கிறது. இதோடு ஜெயித்துவிட்டதாக நினைக்காதீர்கள். விவரம் தெரிந்த பக்தர், "கடவுளின் இயல்பே நன்மைதான், கட்டளை அதிலிருந்து வருகிறது" என்பார். அந்த இயல்பு நல்லது என்பதை எதை வைத்து அறிந்தீர்கள் என்று அப்போது கேளுங்கள். விவாதம் ஆழமாவது அந்த இடத்தில்தான். தத்துவவாதிகள் இன்றும் அங்கே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வள்ளுவரிடம் போகலாம். "மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று" என்கிறது 222ஆம் குறள். கடவுள் வாழ்த்தோடு நூலைத் தொடங்கியவர் அவர், நாத்திகக் கட்சியில் சேர்த்துவிடாதீர்கள். ஆனால் கொடுப்பது நல்லது என்பதை அவர் சொர்க்கத்தை நம்பி வைக்கவில்லை. புறநானூறு 134ஆம் பாட்டு இன்னும் கறாரானது. இங்கே செய்வது மறுமைக்கு உதவும் என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பவனை, அதைப் பாடிய புலவர் முடமோசியார் 'அறவிலை வணிகன்', அதாவது அறத்தை விலைபேசும் வியாபாரி என்கிறார். அவர் பாடிய வள்ளல் ஆய் அப்படிப்பட்டவன் அல்லன், சான்றோர் போன வழி என்பதால் கொடுத்தான் என்பதுதான் புகழ்ச்சி.

மாமாவிடம் ஒரு சின்ன விஷயம் கேட்டுப் பாருங்கள். மளிகைக் கடைப் பையன் மீதிச் சில்லறையில் நூறு ரூபாய் கூடுதலாகத் தந்துவிட்டான். திருப்பிக் கொடுக்கக் கை நீளும்போது அவர் மனசில் வருவது நரகமா, ராத்திரி கல்லாக் கணக்கு உதைத்து முதலாளியிடம் திட்டு வாங்கப்போகும் அந்தப் பையனின் முகமா? பெரும்பாலான பக்தர்கள் பையனின் முகம் என்றே சொல்வார்கள். அவர்கள் நல்லவர்கள் என்பதால்தான் அந்தப் பதில் வருகிறது. அதை அவரிடம் மனசாரச் சொல்லுங்கள், குத்திக்காட்டுவதுபோல் சொல்லாதீர்கள்.

பிறருக்குத் தீங்கு செய்யக்கூடாது என்கிறார்கள் நாத்திகர்கள். ஏன் செய்யக்கூடாது? அதற்கு என்ன அடிப்படை?
(வாசகி, மதுரை)

நாத்திகர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. "பரிணாமம் நமக்கு இரக்கத்தைத் தந்திருக்கிறது" என்பார்கள். இரக்கம் எப்படி வந்தது என்பதற்கு அது விளக்கம். இரக்கப்பட வேண்டும் என்பதற்கு அது நியாயம் ஆகாது. பொறாமையையும் வன்மத்தையும் தந்தது அதே பரிணாமம்தானே? 'இருக்கிறது' என்பதை அடுக்கிக்கொண்டே போய்ச் சட்டென்று 'வேண்டும்' என்று முடிப்பதைத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1740இலேயே சுட்டிக்காட்டினார்.

"அடுத்தவர் வலியும் என் வலியைப் போலத்தான் என்பதை நான் தொடக்கமாக எடுத்துக்கொள்கிறேன், அதற்கு அடியில் இன்னொரு கல் என்னிடம் இல்லை" என்று நாத்திகர் ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆனால் கடவுள் சொன்னால் கேட்க வேண்டும் என்று தொடங்குபவரும் ஒரு 'வேண்டும்' போட்டுத்தான் தொடங்குகிறார்.

நாத்திகம் வெள்ளைக்காரனிடம் வாங்கிய சரக்குதானே?
(வாசகர், கும்பகோணம்)

இல்லை. சமணத்தில் உலகைப் படைத்த கடவுள் கிடையாது. வேதச் சடங்குகளுக்கு விளக்கம் சொன்ன தத்துவப் பிரிவினர் மீமாம்சகர்கள். வேதத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடிய அந்தப் பழைய மீமாம்சகர்களும் படைப்புக் கடவுளை ஏற்கவில்லை. ஆனாலும் அவர்கள் ஆத்திகர்களே, ஏனென்றால் வேதத்தை மறுப்பவரைத்தான் அந்தக் காலத்தில் நாத்திகர் என்றார்கள். மணிமேகலையில் சமயக் கணக்கர், அதாவது பல சமயவாதிகள், தத்தம் கொள்கையைச் சொல்லும் காதையில், எல்லாம் பூதங்களின் சேர்க்கையே என்னும் பூதவாதியும் வந்து பேசுகிறான்.

ஒரு வழக்கில் சாட்சி சொல்லப் போகிறேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. கடவுள் பெயரில் சத்தியம் செய்தே ஆக வேண்டுமா?
(வாசகி, திருச்சி)

வேண்டியதில்லை. 1969ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டம் கடவுள் பெயரால் சத்தியம், கடவுள் பெயர் இல்லாத உறுதிமொழி என இரண்டையும் சமமாக வைத்திருக்கிறது. எதைத் தேர்ந்தாலும் காரணம் சொல்லத் தேவையில்லை. அதனால் கூண்டில் நின்று உங்கள் கொள்கையை விளக்க ஆரம்பிக்காதீர்கள். நீதிபதியின் நேரம் போகும், உங்களுக்கும் படபடப்பு கூடும். உங்களைச் சாட்சியாக அழைத்த தரப்பின் வக்கீலிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். உங்களைக் கூப்பிட்டதும், வாசகத்தைச் சொல்லித்தரும் ஊழியரிடம் "உளமார உறுதி கூறுகிறேன்" என்று எடுத்துக்கொள்வதாகச் சொன்னால் போதும்.

பதற்றத்தில் அவர் சொல்லித்தந்த கடவுள் பெயரையே திருப்பிச் சொல்லிவிட்டாலும் கவலை வேண்டாம். உறுதிமொழி வாசகத்தில் குறை இருந்தாலும் சாட்சியம் செல்லும் என்கிறது அந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. உண்மை சொல்லும் கடமையும் குறையாது. நீதிமன்ற விசாரணையில் தெரிந்தே பொய் சொன்னால், இப்போதைய குற்றத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 229ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. எந்த வாசகத்தைச் சொல்லிவிட்டுப் பொய் சொன்னார் என்று அந்தப் பிரிவு பிரித்துப் பார்ப்பதில்லை.