ராபர்ட்டா பிரெயிட்மோர் உண்மையான பெண்ணா?

அமெரிக்கக் கலைஞர் லின் ஹெர்ஷ்மன் லீசனின் புகைப்படங்களில் திரும்பத் திரும்ப வரும் ராபர்ட்டா பிரெயிட்மோர் உண்மையில் வாழ்ந்தவரா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் கற்பனைப் பாத்திரம்தான். ஆனால் ஓட்டுநர் உரிமமும் கடன் அட்டையும் வைத்திருந்த கற்பனை.

1973 முதல் 1978 வரை சான் பிரான்சிஸ்கோவில் லீசனே பொன்னிறப் பொய்முடி அணிந்து ராபர்ட்டாவாக நடமாடினார். அறைத்தோழி தேவை என்று நாளிதழில் விளம்பரம் கொடுத்தார், மனநல மருத்துவரையும் சந்தித்தார். பின்னாளில் வேறு சில பெண்களும் அதே வேடம் பூண்டனர்.

இத்தொடரில் மிகக் கூர்மையானது 1975இன் ஒப்பனை வரைபடம் என்பேன். ராபர்ட்டாவின் முகப் புகைப்படத்தின் மீது வண்ணம் தீட்டி, கன்னம், உதடு, இமை என ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, எந்தப் பூச்சு எங்கே என்று குறிப்பெழுதியிருக்கிறார்; உடையின் விலையான 7.98 டாலர்கூட விடுபடவில்லை. பெண்மை என்று நாம் இயல்பாக எடுத்துக்கொள்வது கடையில் வாங்கிக் கட்டியமைக்கத்தக்கது என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொல்வது கடினம்.

தொழில்நுட்பம் அடுத்து வந்தது. வீட்டைவிட்டு வெளியேற அஞ்சும் பெண்ணைப் பற்றிய ‘லோர்னா’வில், பார்வையாளரே ரிமோட்டை அழுத்தி அவள் கதையை நகர்த்துகிறார், ஊடாட்ட வீடியோ வட்டில் உருவான முதல் கலைப்படைப்பாக அது கருதப்படுகிறது. 1985இல் தொடங்கிய ‘பாண்டம் லிம்ப்’ வரிசையில் பெண் உடலின் உறுப்புகளுக்குப் பதிலாகக் கேமராவும் தொலைக்காட்சியும் முளைக்கின்றன. 1996இல் ராபர்ட்டா பொம்மையாகவே திரும்பினார். தன்னைப் பார்ப்பவர்களை அந்தப் பொம்மையின் கண்களில் பொருத்தப்பட்ட கேமரா இணையத்துக்கு அனுப்பியது.