கிராங்க் ஷாஃப்ட் ஏன் கருகுகிறது? கிரைண்டிங் கணக்கு பற்றிக் கேள்வி பதில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் இந்த 61 நாளில்தான் நம் பட்டறைகளுக்கு இன்ஜின் வேலை குவியும். இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட்டை (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) சுழலும் கல்லால் தேய்த்துச் சீராக்கும்போது, சூட்டில் அது கருகுவது பற்றியும் மற்ற கிரைண்டிங் சிக்கல்கள் பற்றியும் வந்த கேள்விகள் இவை.

ராமேஸ்வரம்: அண்ணே, பிராசஸ் மாடலிங் (கிரைண்டிங் எப்படி நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது) என்கிறார்களே, சாஃப்ட்வேர் வாங்க வேண்டுமா?

வேண்டாம் தம்பி. ஒரு நோட்டும் வாட் மீட்டரும் போதும். ஜர்னல் (ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் உருண்டைப் பகுதி) விட்டம் 60 மி.மீ., கல் படும் அகலம் 30 மி.மீ., ஃபீட் (கல் ஜர்னலுக்குள் இறங்கும் வேகம்) ஆரத்தில் நிமிடத்துக்கு 0.3 மி.மீ. என்று வையுங்கள். நொடிக்குச் சுமார் 28 கன மி.மீ. இரும்பு கழிகிறது. ஒரு கன மி.மீ. இரும்பைக் கழிக்க 40 ஜூல் என்று எடுத்தால், மோட்டார் சும்மா சுற்றும்போது எடுப்பதைவிடக் கூடுதலாக 1.1 கிலோவாட் காட்ட வேண்டும். உங்கள் மெஷினில் இந்த 40 வேறாக இருக்கலாம். நல்ல கூரான கல்லில் ஒருமுறை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் மாடல். அதே ஃபீடில் வாட் ஏறிக்கொண்டே போனால் கல் மழுங்குகிறது. சூட்டில் கருகிய நீலக்கறை தெரியும்வரை காத்திருக்காமல் டிரெஸ் பண்ணுங்கள் (டைமண்ட் முனையால் கல்லின் மேற்பரப்பைச் சீவிக் கூராக்குங்கள்). ஆம்பியர் மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள், லோடு குறைவாக இருக்கும்போது அது சரியாகக் காட்டாது.

அவரே: டிரெஸ் பண்ணியும் கருகுகிறதே?

டைமண்டை ரொம்ப மெதுவாக நகர்த்துகிறீர்கள். ஃபினிஷ் பளபளக்கும், ஆனால் கல் மொட்டையாகிவிடும். ரஃபிங்குக்கு (முதலில் அதிகமாகக் கழிக்கும் வேலைக்கு) வேகமாக நகர்த்துங்கள்.

தொண்டி: கல் சிறுத்ததும் சீக்கிரம் உதிர்கிறதே?

600 மி.மீ. கல் 1000 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 31 மீட்டர் ஓடும். 450 ஆனதும் 24க்குக் கீழே இறங்கிவிடும். கல்லின் ஒவ்வொரு துகளும் தடித்த சீவலை எடுப்பதால் கல் மெத்தென்று நடந்துகொள்ளும், சீக்கிரம் உதிரும். புல்லி மாற்றி வேகம் கூட்டலாம், அல்லது ஃபீடைக் குறைக்கலாம். புதுக்கல் மாட்டும்போது மறக்காமல் பழைய புல்லிக்குத் திரும்புங்கள். கல்லில் அச்சடித்த வேகத்தைத் தாண்டினால் வெடிக்கும்.

கீழக்கரை: ஸ்டெயின்லெஸ் புரொப்பல்லர் ஷாஃப்ட்?

304 ஸ்டீல் சாதா ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்குதான் வெப்பம் கடத்தும். இரும்புக்கு எழுதிய கணக்கை அப்படியே போடாதீர்கள், ஃபீடைக் குறையுங்கள்.

மண்டபம்: கூலன்ட் (சூடு தணிக்க ஊற்றும் எண்ணெய்-தண்ணீர்க் கலவை) இரண்டு வாரத்தில் பிரிந்து, ஜாபும் (தேய்க்கும் பொருளும்) துருப்பிடிக்கிறது அண்ணே.

போர் தண்ணீர்தானே ஊற்றுகிறீர்கள்? தண்ணீர் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். உப்புத் தண்ணீரையே மேலும் மேலும் ஊற்றினால் உப்பு ஏறத்தான் செய்யும். ஆர்.ஓ. தண்ணீரில் கலந்து, ரிஃப்ராக்டோமீட்டரில் செறிவு பாருங்கள். அப்புறம், நாசில் அழுத்தம். 30 மீட்டர் வேகக் கல்லுக்கு ஈடாகப் பாய 4.5 பார் வேண்டும். சொட்டுச் சொட்டாக ஊற்றினால் கல் சுற்றும் காற்றே அதைத் தள்ளிவிடும்.