ஹெட் போல்ட்: 'டக்' சத்தம் கேட்டால் போதுமா?

கேள்வி: சார், வணக்கம். எங்களுடையது பழைய டீசல் வேன். முதுநகர் துறைமுகத்திலிருந்து நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கம் மீன் ஏற்றுகிறோம். எஞ்சினை முழுசாகப் பிரித்து வேலை பார்த்து, புது ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கிற தகடு) போட்டு 800 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஹெட்டைப் பிளாக்கோடு இறுக்கிப் பிடிக்கிற ஹெட் போல்ட்டை ஒரு தடவை செக் பண்ணிக்கோங்க என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். என் மச்சான் டார்க் ரெஞ்சை (வைத்த முறுக்கு அளவு வந்ததும் 'டக்'கென்று சொல்கிற ஸ்பேனர்) மாட்டும்போது வைத்த அதே அளவில் வைத்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். எல்லாமே 'டக்'கென்றது, ஒரு போல்ட்கூட அசையவில்லை. அப்போது எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: இல்லை. தயவுசெய்து அதை நம்பி விட்டுவிடாதீர்கள். போல்ட்டை முறுக்கும்போது நாம் போடும் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் போல்ட் தலைக்கு அடியிலும் உரசலுக்கே போய்விடுகிறது, மிச்சம்தான் ஹெட்டை அழுத்திப் பிடிக்கிறது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி ஓடிய போல்ட் இருந்த இடத்திலேயே இறுகிவிடும், அதுவும் உப்புக்காற்றில் நிற்கிற வண்டியில் சொல்லவே வேண்டாம். கேஸ்கெட் கொஞ்சம் அமுங்கிப் பிடிப்பு குறைந்திருந்தாலும், அந்த இறுக்கத்தை மீறுவதற்கு முன்பே ரெஞ்ச் 'டக்'கென்று சொல்லிவிடும்.

முதலில் மேனுவலைப் பாருங்கள். கடைசி முறுக்கு 'இத்தனை டிகிரி திருப்பு' என்று போட்டிருந்தால் அது இழுபட்டு நிற்கிற வகை போல்ட், அதை மறுபடி தொடவே கூடாது. பல தகடு ஸ்டீல் கேஸ்கெட் போட்டிருந்தாலும் பொதுவாக மறுமுறுக்கு தேவையில்லை. வெறும் கிலோகிராம் மீட்டர் அளவில் டார்க் (முறுக்கு விசை) கொடுத்து, ஓடிய பிறகு மறுபடி முறுக்கச் சொல்லியிருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

சூட்டோடு செய் என்று மேனுவல் சொன்னால் ஒழிய, ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினில்தான் செய்ய வேண்டும். வால்வ் கவரைக் கழற்றி, போல்ட் தலையிலும் பக்கத்தில் ஹெட்டிலும் சேர்ந்தாற்போல ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். மேனுவலில் உள்ள வரிசைப்படி, அது பெரும்பாலும் நடுவிலிருந்து வெளியே போகும், ஒரே ஒரு போல்ட்டைக் கால் சுற்று தளர்த்தி, உடனே நடுவில் நிறுத்தாமல் ஒரே இழுப்பில் டார்க் அளவுக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம்தான் அடுத்தது. எல்லாவற்றையும் ஒன்றாகத் தளர்த்தினால் புது கேஸ்கெட் வீண். முடித்த பிறகு கோட்டைப் பாருங்கள், போல்ட்டில் உள்ள பாதி ஹெட்டில் உள்ள பாதியைத் தாண்டிப் போயிருந்தால், அந்த அளவுக்குப் பிடிப்பு விட்டிருந்தது என்று கண்ணாலேயே தெரியும்.

ரெஞ்சின் அளவுகோலையும் கவனியுங்கள். உதாரணத்துக்கு 10 கிலோகிராம் மீட்டர் என்றால் 98 நியூட்டன் மீட்டர், அதுவே 72 அடி பவுண்டு. அடி பவுண்டு கோட்டில் 98 வைத்து இழுத்தால் பதிமூன்றரை கிலோகிராம் மீட்டர் ஏறிவிடும், மரை போய்விடும்.

கடைசியாக டேப்பட். புஷ் ராட் எஞ்சினில் (பிளாக்கிலிருந்து நீளக் கம்பி வழியாக வால்வைத் திறக்கிற வகை) ஹெட் ஒரு மயிரிழை இறங்கினாலும் டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்துகிற பாகத்துக்கும் நடுவில் விடுகிற சந்து, குறையும், வால்வ் சரியாக மூடாமல் கருகும். ஃபீலர் கேஜ் (சந்தை அளக்கிற மெல்லிய தகடு) போட்டு எல்லாவற்றையும் திரும்ப செட் பண்ணுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் வண்டி சும்மாதானே நிற்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஹெட் போல்ட் மாட்டும்போது ஆயில் போடலாமா?
- வாசகர், புதுச்சேரி லாஸ்பேட்டை

பதில்: மேனுவல் ஆயில் போடச் சொன்னால், மரையிலும் தலைக்கு அடியிலும் விரலால் தடவுகிற அளவு போதும். உலர்வாக என்று சொன்னால் போடவே வேண்டாம், ஆயிலோடு அதே டார்க் வைத்தால் போல்ட் அதிகமாக இழுபடும். குழிக்குள் மட்டும் ஆயில் தேங்கக் கூடாது. அடி மூடிய குழியில் ஆயிலோ தண்ணீரோ இருந்தால் அதற்குப் போக வழி கிடையாது, ரெஞ்ச் முழு டார்க் காட்டும், ஹெட் பிடித்திருக்காது, சில நேரம் பிளாக்கே விரிசல் விடும். மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு குழியையும் ஏர் அடித்து, துணி சுற்றிய கம்பியை விட்டுத் துடைத்துவிடுங்கள்.