இலங்கை போகுமுன் அடிப்படையாக என்ன தெரிந்திருக்க வேண்டும்?

தமிழ்நாட்டிலிருந்து முதன்முறையாகப் போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கொழும்பு, யாழ்ப்பாணம் என்று மட்டும் பயணத் திட்டம் போட்டிருப்பீர்கள்.

பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிதான். ஒன்பது மாகாணங்கள், 25 மாவட்டங்கள். சிங்களமும் தமிழும் ஆட்சி மொழிகள். கரையோரம் எல்லாம் சமவெளி, நடுவில் மலை. அந்த மலையில்தான் நான் பிறந்தேன், ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில்.

சென்னையில் மூன்று ஆண்டுகள் படித்தேன். இலங்கை என்று சொன்னதுமே, "யாழ்ப்பாணத்தில் எந்த ஊர்?" என்பார்கள். ஹட்டன் என்றால் முகம் வெறுமையாகிவிடும். விடுதியில் ஒருவர், "அப்படியென்றால் நீங்கள் சிங்களவரா?" என்றே கேட்டார். அன்றிரவு வரைபடத்தை விரித்து அவருக்குக் காட்டினேன். 1867இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் வணிகத் தேயிலை தொடங்கியதையும், திருச்சி, மதுரைப் பக்கத்திலிருந்து எங்கள் முன்னோர் கங்காணிகளோடு, அதாவது ஆள் சேர்த்துக் கூட்டிவந்து வேலை வாங்கியவர்களோடு, வந்ததையும் சொன்னேன். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எங்களில் லட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. அப்படிக் கப்பலேறியவர்களில் என் பாட்டியின் தம்பியும் ஒருவர். கூடலூரில் அவரைப் பார்க்கப் போனபோது, அக்கம்பக்கத்தார் அவரைச் 'சிலோன்காரர்' என்றார்கள். இங்கே இருந்தவரை அவர் 'இந்தியாக்காரர்'.

யாழ்ப்பாணத்தைக் குறைத்துப் பேசுவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவர்கள் பட்ட துயரத்தை நான் அறிவேன். எங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மலைக்கு வந்தால் சிவனொளிபாத மலை ஏறுங்கள். உயரம் 2,243 மீட்டர். உச்சியிலுள்ள பாதச்சுவட்டை நாங்கள் சிவனுடையது என்கிறோம், பௌத்தர்கள் புத்தருடையது என்கிறார்கள், முஸ்லிம்களுக்கு அது ஆதமுடையது. எல்லோரும் ஒரே படியில்தான் ஏறுகிறார்கள். யாத்திரைக் காலம் டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே மாத வெசாக் (புத்தர் பிறந்தநாள் பௌர்ணமி) வரை. அதன்பின் தென்மேற்குப் பருவமழை எங்கள் பக்கத்தை விடாது. மாசி மாதத்தில் வந்தால் தோட்டங்களில் மன்மதன்–ரதி கதையை ஆடும் காமன் கூத்தும் பார்க்கலாம்.

கொழும்பு–பதுளை ரயிலில் போகும்போது பச்சை மலைகளைப் படம் எடுப்பீர்கள். நடுவே வரிசையாகத் தகரக் கூரைகள் தெரியும். அவைதான் லயங்கள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். எங்கள் லயத்தில் ஒரு வீட்டுக்கும் தனி முகவரி கிடையாது. தபாலெல்லாம் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து யார் கையிலாவது வர வேண்டும். இதை நீங்கள் கேட்கவில்லை, தெரியும். ஆனால் எனக்கு வந்த முதல் நேர்முகத் தேர்வுக் கடிதம் அந்த அலுவலக மேசையில் பன்னிரண்டு நாள் கிடந்தது. கைக்குக் கிடைத்தபோது தேர்வு முடிந்து நான்கு நாளாகியிருந்தது. அம்மா அந்த உறையை இன்னும் வைத்திருக்கிறார். இப்போதும் முக்கியமான எதற்கும் ஹட்டன் நகரில் மாமாவின் கடை முகவரியைத்தான் எழுதிக் கொடுக்கிறேன்.