டெங்கு வார்டுல இருந்தப்போ முடிஞ்சு போன ப்ரமோஷன் இண்டர்வியூ

சிங்கப்பூர் துவாஸ்ல ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனில ஏழு வருஷமா வேலை பாக்குற வாசகி எழுதியிருக்காங்க. சூப்பர்வைசர் போஸ்ட்டுக்கு இவங்க பேரும் லிஸ்ட்ல இருந்துச்சு, இண்டர்வியூவுக்கு ரெண்டு நாள் முன்னாடி டெங்கு, ஆஸ்பத்திரில அட்மிட், அன்னிக்கே எம்சிய (டாக்டர் குடுக்குற மெடிக்கல் சர்டிஃபிகேட்) பாஸுக்கு வாட்ஸ்அப் பண்ணிட்டாங்க. திரும்பி வந்து பாத்தா இன்னொருத்தருக்குக் குடுத்தாச்சு. கேட்டதுக்கு எச்ஆர், "நீங்கதான் வரலியே, அடுத்த வருஷம் பாக்கலாம்"னு சொல்லிட்டாங்களாம். கேஸ் போடலாமா, இல்ல வேலைய விட்டுடலாமான்னு கேக்குறாங்க.

கோவத்துல ராஜினாமா மட்டும் பண்ணிடாதீங்க. நீங்களா விட்டுட்டுப் போனா அது டிஸ்மிஸல் ஆகாது. மிரட்டி எழுத வச்சாங்கன்னா மட்டும்தான் தவறான பணிநீக்கம்னு டிஏடிஎம்ல (வேலைத் தகராறுகளப் பாக்குற முத்தரப்பு அமைப்பு) புகார் குடுக்க முடியும், அதுவும் கடைசி வேலை நாள்லேர்ந்து 1 மாசத்துக்குள்ள.

இப்ப கசப்பான விஷயம். ப்ரமோஷன் குடுத்தே ஆகணும்னு எம்ப்ளாய்மெண்ட் ஆக்ட்ல எங்கயும் இல்ல. யூனியன்கூட கூட்டு ஒப்பந்தப் பேச்சுல ப்ரமோஷன கோரிக்கையா வைக்க முடியாது, இண்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸ் ஆக்ட் அத நிர்வாகத்தோட முடிவுன்னு ஒதுக்கி வச்சிருக்கு. ஆனா மெம்பரா இருந்தா சொல்லி வைங்க, யூனியன்லேர்ந்து ஒரு ஃபோன் போனா எச்ஆரோட தொனி மாறுறத நானே பாத்திருக்கேன்.

2025 ஜனவரில பாஸ் ஆன வொர்க்ப்ளேஸ் ஃபேர்னஸ் சட்டம் இருக்கேன்னு நெறைய பேர் கேக்குறாங்க. அதுல ப்ரமோஷனும் வருது, சரிதான். ஆனா அது அமலுக்கு வந்தாலும் பாதுகாக்குறது வயசு, இனம், மதம், கர்ப்பம், உடல் குறைபாடு, மனநலப் பிரச்சினை மாதிரி குறிப்பிட்ட காரணங்கள மட்டும். ஒரு வாரக் காய்ச்சல் அந்தப் பட்டியல்ல இல்ல. இதே நீங்க மாசமா இருக்கீங்கன்னு ஒதுக்கியிருந்தா கதையே வேற.

அப்போ கையில ஒண்ணுமே இல்லையான்னா, இருக்கு. எச்ஆர் சொன்ன அந்த "வரலியே"ங்கிற வார்த்தைதான் எனக்கு உறுத்துது. 6 மாசம் சர்வீஸ் முடிச்சவங்களுக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளத்தோட சிக் லீவு, ஆஸ்பத்திரி லீவு தேவைப்பட்டா அந்த 14 சேத்து 60 நாள் வரைக்கும். 2019 ஏப்ரல்லேர்ந்து மேனேஜர்களுக்கும் இதே. கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டிய 48 மணி நேரத்துக்குள்ள சொல்லிட்டீங்க, அதனால நீங்க சட்டப்படி லீவுல இருந்தவங்க, வராம போனவங்க இல்ல. ரெக்கார்ட்ல 'வரவில்லை'ன்னு ஏறியிருந்தா அடுத்த வருஷ அப்ரைசல்லயும் அது உங்க முதுகுல சவாரி பண்ணும், அத இப்பவே மாத்தணும்.

எச்ஆருக்கு ஒரு ஈமெயில் போடுங்க, சண்ட போடுற மாதிரி வேணாம். எந்தத் தேதிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும் எம்சி, எப்ப தெரிவிச்சேன், ரெக்கார்ட திருத்துங்க, இண்டர்வியூவ ஏன் தள்ளி வைக்கல, அடுத்த வேகன்சிக்கு என்னையும் கூப்பிடுவீங்களா, எழுத்துல பதில் குடுங்க. இவ்வளவு போதும். கம்பெனி ஹேண்ட்புக்ல ப்ரமோஷன் நடைமுறை எழுதியிருக்கான்னும் பாருங்க, இண்டர்வியூ தேதி மாத்தலாம்னு அவங்களே போட்டிருந்தா அந்த வரிய அப்படியே ஈமெயில்ல சேருங்க, எச்ஆரால பதில் சொல்லாம நழுவ முடியாது. ரெண்டு வாரம் ஆகியும் சத்தம் இல்லன்னா டஃபெப்கிட்ட (வேலையிடத்துல நியாயமான நடைமுறைகளப் பாக்குற முத்தரப்பு அமைப்பு) போங்க, அவங்களால போஸ்ட்ட வாங்கித் தர முடியாது, ஆனா கம்பெனிய கூப்பிட்டு விளக்கம் கேப்பாங்க.

ஈமெயிலோட மெடிக்கல் ரிப்போர்ட் எல்லாம் வைக்காதீங்க, எம்சி காப்பி போதும். பாஸுக்கு அனுப்புன அந்த வாட்ஸ்அப்ப தேதி, நேரம் தெரியுற மாதிரி இன்னிக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க, ஃபோன் மாத்துனா போயிடும்.