ஒரு மில்லிமீட்டர் குளவிக்குப் பெயர் வைக்கும் முன்

வணக்கம் ஐயா,

எங்கள் பள்ளிச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி அடையடையாய்ப் பிடித்திருந்தது. ஒரு கிளையை ஒடித்து, வாயில் துணி கட்டிய பாட்டிலில் வைத்தோம். பத்து நாளில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாத குளவிகள் வெளிவந்தன. சில மஞ்சள், சில கறுப்பு. கைபேசியில் லென்ஸ் மாட்டி எடுத்த படத்தைப் பலருக்கு அனுப்பியும் யாராலும் பெயர் சொல்ல முடியவில்லை. அப்படியானால் இது புதிய சிற்றினம்தானே? மாணவிகளே பெயர் வைக்கலாமா?

அறிவியல் ஆசிரியை, ஈரோடு மாவட்டம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

இந்த அளவுக் குளவிகளில், நன்கு தெரிந்த சிற்றினத்தைக்கூடப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே யாரும் பெயர் சொல்லவில்லை என்பது புதியது என்பதற்குச் சான்று ஆகாது. ஆனால் உங்கள் பாட்டிலில் பெயரில்லாத ஒன்று இருக்கவும் வாய்ப்பு உண்டு. மாவுப்பூச்சிகளுக்குள் புழுவாக வளர்ந்து அவற்றைத் தாக்கும் என்சிர்டிடே குளவிக் குடும்பத்தில் இன்னும் விவரிக்கப்படாதவை ஏராளம்.

முதல் சிக்கல் அந்தப் பாட்டில்தான். மஞ்சள் பெண்ணாகவும் கறுப்பு அதன் ஆணாகவும் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு சிற்றினங்களாக இருக்கலாம். மஞ்சள் குளவியின் புழுவைத் தின்று வளர்ந்த மேலொட்டுண்ணியாகவும் அந்தக் கறுப்பு இருக்கலாம். சார்டோசெரஸ் பேரினக் குளவிகளின் பிழைப்பு அதுதான். கலந்து வந்த பாட்டிலை வைத்து இதைப் பிரிக்க வழியே இல்லை. எனவே திரும்பத் தொடங்குங்கள். உப்பி, பழுப்பேறி, விறைத்துப்போன மாவுப்பூச்சிகளை (மம்மி என்பார்கள்) ஈரத் தூரிகையால் எடுத்து, ஒட்டியிருக்கும் மாவையும் குஞ்சுகளையும் துடைத்துவிட்டு, மருந்துக்கடை ஜெலட்டின் கேப்சூல் ஒன்றுக்கு ஒரு மம்மியாகப் போடுங்கள். ஈரம் படக்கூடாது, கேப்சூல் இளகிவிடும். குளவி வந்தவுடன் ஆல்கஹாலில் போட்டுவிடாதீர்கள். ஒரு நாள் விட்டால் மேல்தோல் இறுகும். இல்லையென்றால் தலை சப்பிப்போகும். ஓட்டை விழுந்த மம்மியைத் தூக்கி எறியாமல், அதிலிருந்து வந்த குளவிக்கு இட்ட எண்ணையே இட்டு வையுங்கள்.

அதே கிளையிலிருந்து உயிருள்ள முதிர்ந்த பெண் மாவுப்பூச்சிகள் பத்தையும் 80% ஆல்கஹாலில் சேமிக்க வேண்டும். பலர் விடுவது இதைத்தான். விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மரவள்ளி சாட்சி. 1970களில் ஆப்பிரிக்க மரவள்ளியை அழித்த மாவுப்பூச்சிக்கு எதிரியைத் தென்னமெரிக்காவின் வடபகுதியில் தேடினார்கள். அங்கே கிடைத்த பூச்சி பார்வைக்கு அச்சாக அதேதான். ஆனால் அதன் குளவிகள் ஆப்பிரிக்கப் பூச்சியிடம் எடுபடவில்லை. அது வேறு சிற்றினம். 1981இல் ஃபெனகாக்கஸ் ஹெர்ரெனி என்று தனிப்பெயர் பெற்றது. சரியான பூச்சி அதே ஆண்டு பராகுவேயில் கிடைத்தது. அதன் எதிரியான அனகைரஸ் லோபெசி ஆப்பிரிக்காவில் வென்று, 2022இல் சேலம் பக்கத்து மரவள்ளிக் காடுகளிலும் விடப்பட்டது. அந்தக் குளவிக்கு 1964இலேயே அர்ஜென்டினாவின் பூச்சியியலாளர் டி சாண்டிஸ் பெயர் வைத்திருந்தார். எதற்குப் பயன்படும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. பெயரும் விவரிப்பும் தயாராக இருந்ததால்தான் கிடைத்ததை இன்னதென்று அடையாளம் காண முடிந்தது.

குளவிகளில் பாதியை 95% எத்தனாலில் குளிர்ப்பெட்டியில் வையுங்கள், டிஎன்ஏவுக்கு. அதில் கால்களும் உணர்கொம்புகளும் மொறுமொறுப்பாகி ஒடியும் என்பதால் மறுபாதி 80% எத்தனாலில். இடம், நாள், செடி, எடுத்தவர் பெயர் எல்லாம் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போட வேண்டும். பேனா மை கரைந்துவிடும்.

இனிமேல்தான் கை நடுங்கும் வேலை. ஆல்கஹாலிலிருந்து எடுத்து அப்படியே காயவிட்டால் குளவி சுருங்கிவிடும். முழு ஆல்கஹாலுக்கு மாற்றி, பின் ஹெக்சாமெத்தில்டைசிலசேன் என்ற எளிதில் ஆவியாகும் திரவத்தில் ஊறவைத்துக் காயவிட்டால் உருக்குலையாது. சிலவற்றை இப்படி முக்கோண அட்டையின் நுனியில் ஒட்டுவார்கள். மற்றவை சிலைடுக்கு. முதலில் இறக்கைகளைக் கழற்றிவிட்டு, உடலை 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஓர் இரவு வைக்க வேண்டும். குறைந்தால் உள்ளே தசை மறைக்கும், கூடினால் உடல் கண்ணாடியாகி மயிர்கள் உதிரும். பிறகு அசெட்டிக் அமிலம், தண்ணீர், படிப்படியாக ஏறும் ஆல்கஹால், கிராம்பு எண்ணெய், கடைசியில் கனடா பால்சம் என்ற பிசின். எங்காவது ஈரம் மிச்சமிருந்தால் பால்சம் பால்போல் கலங்கும். தலை, உணர்கொம்பு, இறக்கை, உடல் ஒவ்வொன்றும் தனித்தனி மூடுகண்ணாடிக்குக் கீழே போக வேண்டும். 40 டிகிரி சூட்டில் காய வாரக்கணக்கில் ஆகும். பால்சத்துக்குப் பதிலாகப் பயன்படும் ஹாயர் கரைசல் இதைவிட எளிது, ஆனால் சில ஆண்டுகளில் படிகம் கட்டிவிடும். நூறாண்டு நிற்க வேண்டிய மாதிரிக்கு அது வேண்டாம்.

அளவையும் நிறத்தையும் நம்பாதீர்கள். கொழுத்த மாவுப்பூச்சியிலிருந்து பெரிய குளவி வரும், அவ்வளவுதான். விகிதங்கள்தான் பேசும்: உணர்கொம்பின் அடிக்கணு அகலத்தைப்போல் எத்தனை மடங்கு நீளம், நடுக்கணுக்கள் எத்தனை, தாடைப்பற்கள் எத்தனை, முன்னிறக்கையில் மயிரற்ற சாய்கோடு எங்கே முறிகிறது. பத்துப் பெண் குளவிகளிலாவது அளந்தால்தான் எது சிற்றினத்தின் இயல்பு, எது தனி உயிரின் வேறுபாடு என்பது தெரியும்.

பிறகு அந்தப் பேரினத்தில் உலகெங்கும் பெயர் பெற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டும். ஆண்டுகள் கரைவது இங்கேதான். ஆஸ்திரேலியாவில் பணிசெய்த பூச்சியியலாளர் ஜிரோ 3000க்கும் மேற்பட்ட குளவிச் சிற்றினங்களுக்குப் பெயர் வைத்தவர். அவருடைய விவரிப்புகள் பல ஒன்றிரண்டு வரிகளே. அவற்றுக்கெல்லாம் அருங்காட்சியகத்தில் உள்ள மூல மாதிரியையே (எந்த உயிரை வைத்துப் பெயரிட்டார்களோ அதையே) பார்த்தாக வேண்டும்.

டிஎன்ஏ போதாதா என்று மாணவிகள் கேட்பார்கள். 2021இல் கோஸ்டாரிகாவின் பிராக்கோனிட் குடும்பக் குளவிகளில் 403 புதிய சிற்றினங்களைப் பெரும்பாலும் சிஓஐ என்ற ஒரே மரபணுவின் டிஎன்ஏ வரிசையை வைத்தே விவரித்தார்கள். பெரிய சர்ச்சை ஆனது. அந்த வேகத்தின் தேவை எனக்குப் புரிகிறது. ஆனால் பழைய மூல மாதிரிகளில் பெரும்பாலானவற்றுக்கு டிஎன்ஏ வரிசை இல்லாதபோது, வரிசையை மட்டும் வைத்து எதோடு ஒப்பிடுவது? போதாததற்கு, வோல்பாக்கியா பாக்டீரியா தொற்றிய குளவிகளில் அந்த மரபணு தவறான வழி காட்டலாம். உடலைச் சிதைக்காமல் டிஎன்ஏ எடுத்துவிட்டு அதே குளவியைச் சிலைடாக்கலாம். இரண்டும் சேர்ந்து இருக்கட்டும்.

பெயருக்கு வருவோம். எந்தக் குளவி மூல மாதிரி என்று குறிப்பிட்டு, அது எந்தச் சேகரத்தில் இருக்கும் என்றும் எழுதாவிட்டால் அந்தப் பெயர் செல்லாது. இந்திய உயிரிப் பல்வகைமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவும் புதிய சிற்றினத்தின் மாதிரியை அரசு குறித்த நிறுவனத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. மாணவிகள் அளந்து, வரைந்து, ஒப்பிட்டு உழைத்தால் ஆய்வுக்கட்டுரையின் ஆசிரியர்களாகவே பெயர் போடலாம். ஆனால் பெங்களூரின் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் போன்ற இடத்தில் இக்குடும்பத்தை அறிந்தவரோடு சேர்ந்து செய்யுங்கள்.

அதுவரை செம்பருத்தியில் ஒரு கிளைக்காவது மருந்து அடிக்காமல் விடச் சொல்லுங்கள்.