புட்டியில் ஒரு விதவையின் பெயர்

அன்புள்ள ஐயா,

விமான நிலையக் கடையில் மஞ்சள் லேபிள் ஒட்டிய ஷாம்பெயின் புட்டிகளைப் பார்த்தேன். பெயர் 'வெவ் கிளிக்கோ'. 'வெவ்' என்றால் பிரெஞ்சில் விதவை என்றார் கூட வந்த நண்பர். கொண்டாட்டத்தில் திறக்கிற புட்டிக்கு இப்படியொரு பெயரா? உண்மைக் கதையா, வியாபாரத் தந்திரமா?

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

உண்மைதான். அவர் பெயர் பார்ப் நிக்கோல். ஊர் பிரான்சின் ரெய்ம்ஸ். 1805இல் கணவர் பிரான்சுவா கிளிக்கோ இறந்தபோது அவருக்கு வயது 27, கையில் ஒரு சின்னப் பெண் குழந்தை. 1772இல் மாமனார் தொடங்கிய மது வியாபாரத்தை நானே நடத்துகிறேன் என்று அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நெப்போலியன் காலச் சட்டப்படி, மணமான பெண் கணவன் சம்மதமில்லாமல் வியாபாரம் செய்ய முடியாது. விதவை செய்யலாம். நம் ஊரில் ஒரு பெண்ணை மூலையில் உட்கார வைத்த சொல், அங்கே அவருக்குக் கையெழுத்துப் போடும் உரிமையைத் தந்தது. மறுமணம் செய்திருந்தால் அது போயிருக்கும். அவர் கடைசிவரை செய்துகொள்ளவில்லை.

போர்க்காலத்தில் கடை மூடும் நிலைக்கு வந்தது. 1814இல் நெப்போலியன் வீழ்ந்ததும், பிரெஞ்சு மதுவுக்கு ரஷ்யா போட்ட தடையை நீக்கும்வரை காத்திருக்காமல், போட்டியாளர்களுக்குத் தெரியாமல் 10,550 புட்டிகளை ஒரு டச்சுக் கப்பலில் ஏற்றி அங்கே அனுப்பினார். அவருடைய விற்பனையாளர் லூயி போன் சரக்கோடு கூடவே போனார். அந்தத் துணிச்சல்தான் நிறுவனத்தைக் காப்பாற்றியது.

ஆனால் நான் அதைவிடப் பெரிதாக மதிப்பது அவருடைய மேசையை. ஷாம்பெயின் புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கும். செத்த ஈஸ்ட் வண்டலாகத் தங்கி மதுவைக் கலங்கடிக்கும். அதை நீக்க வேறு புட்டிக்கு மாற்றினால் நுரை போய்விடும். 1816 வாக்கில் மேசைப் பலகையில் துளைகள் போட்டு, புட்டிகளைத் தலைகீழாகச் செருகி, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வைத்தார். வண்டல் மெல்ல இறங்கித் தக்கையருகே சேரும். தக்கையை எடுத்ததும் உள்ளிருக்கும் அழுத்தமே அதை வெளியே தள்ளிவிடும், மது தெளிவாக நிற்கும். இன்று பெரும்பாலும் இயந்திரங்கள் திருப்புகின்றன, முறை அதேதான்.

அப்புறம், நீங்கள் பார்த்த மஞ்சள் லேபிள் பதிவானது 1877இல். அவர் 1866இலேயே இறந்துவிட்டார். விதவை என்ற சொல்லை மட்டும் 1810இல் அவரே நிறுவனத்தின் பெயரில் சேர்த்தார்.